பதினொரு செக்கனும் பத்மாசினி ரீச்சரின் கையும்

உடுவிலில் பத்மாசினி ரீச்சரைத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுக் குடிவந்தவராகத்தான் இருக்கவேண்டும். முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்த மனுசி. பென்சன் எடுத்த அடுத்த மாதமே கொம்பியூட்டர் வகுப்பில் சேர்ந்து, தன்னிடம் படித்த பெட்டைக்கு முன்னால் கொப்பியும் பேனையுமாகப் போய் இருந்தவர். அதற்குப் பிறகு பாஸ்போட் விண்ணப்பமா, வெளிநாட்டுப் பிள்ளையோடு முகம் பார்த்துக் கதைப்பதா, எல்லாவற்றுக்கும் சனம் ரீச்சர் வீட்டுக் கேற்றடியில்தான் வந்து நிற்கும். ரீச்சரும் சும்மா செய்து கொடுக்கமாட்டார். "கடவுச்சொல்லை மறந்திட்டியோ? சோறு தின்ன மறப்பியோ?" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டுத்தான் செய்து கொடுப்பார். அதட்டு வாங்கியவர்களும் கோபிப்பதில்லை. வேலை பிழைக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பேர்ப்பட்ட ரீச்சர், போன வைகாசியில், பதினொரு செக்கன் ஓடுகிற ஒரு துண்டுப் படத்துக்கு முன்னால் ஐந்து கிழமை கிடந்து அல்லாடினார் என்றால் நம்பமாட்டீர்கள். நம்பித்தான் ஆகவேண்டும்.

தொடங்கியது தர்சிகாவின் தொலைபேசி அழைப்பில். தர்சிகா, ரீச்சரின் தங்கை குணலட்சுமியின் ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். குணலட்சுமி செத்துப் பதினெட்டு வருடம். சண்டையில் பாதை பூட்டிக் கிடந்த காலத்துச் சாவு அது. தர்சிகாவால் வந்து முகம் பார்க்கவும் முடியவில்லை.

"பெரியம்மா, என்ரை கலியாண வீடியோ கொப்பி இஞ்சை பேஸ்மென்றிலை தண்ணி ஏறிப் பழுதாப் போச்சு. உங்களிட்டை கிடக்கிற ரேப்பைக் கொம்பியூட்டரிலை ஏத்தி அனுப்புவியளோ? அம்மா நடமாடுற படம் எண்டு ஒண்டும் என்னட்டை இல்லை. ரேப்பிலை எங்கையாவது ஒரு மூலையிலை எண்டாலும் நிண்டிருப்பா தானே? பிரசாந்தியின்ரை கலியாணத்துக்கு முதல் ஒருக்கால் பாக்கவேணும் போலை கிடக்கு."

பிரசாந்தி தர்சிகாவின் மகள். ஆவணியில் ஊரில் வந்து கலியாணம் செய்ய, இணுவிலில் மண்டபமும் எடுத்தாயிற்று. தர்சிகாவின் புருசன் பிரகாஸ்தான் மகளின் கலியாணம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னர் மாரடைப்பில் போய்விட்டான்.

"ஓம் பிள்ளை, உதென்ன பெரிய வேலையே?" என்றார் ரீச்சர். சொல்லி முடித்து போனை வைத்த பிறகுதான் அந்தப் பதினொரு செக்கன் நினைவுக்கு வந்தது. அந்த ரேப்பில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று படம் பிடித்த கனிசியஸ். அவன் இப்போது எந்த நாட்டிலோ. மற்றது பத்மாசினி ரீச்சர்.

வீட்டில் இருந்த, ரேப் போட்டுப் பார்க்கிற டெக் என்றைக்கோ செத்துவிட்டது. பருத்தித்துறையில் ரீச்சரோடு படிப்பித்த மக்டலீன் வீட்டில் ஒன்று இன்னும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, ரீச்சரின் புருசன் கேதீஸ்வரன் பஸ்ஸில் போய், பழைய சீலைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தபாற்கந்தோரில் வேலை செய்தவர். பொதி காவுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. டெக்குக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் பூட்டுகிற சின்னப் பெட்டியை ரவுண் கடையொன்றில் வாங்கினார்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர். ரீச்சர் ஒரே தரத்தில் சரியாகப் பூட்டினார்.

ரேப் ஓடியது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆனி மாதம். மணவறை, மாவிலைத் தோரணம், வியர்வை வழிய மாப்பிள்ளை. ரீச்சர்தான் மணவறையின் நடுவில், மயில்கழுத்து நிறக் கூறைச்சீலையில், கேதீஸ்வரனுக்குப் பக்கத்தில் நிற்கிறார். குணலட்சுமியின் புருசன் தொண்ணூற்றொன்றிலேயே போய்விட்டான். தாலியறுத்தவள் மகளுக்குத் தாரை வார்த்துக் கொடுக்க முடியுமா? ஊர் விடுமா? ஆகவே பெரியம்மாவும் பெரியப்பாவும் வார்த்தார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை என்றுதான் அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு மணியும் நாற்பத்தாறு நிமிசமும் ஓடிய இடத்தில் அது வந்தது. ஓமப்புகை தர்சிகாவின் கண்ணில் ஏறி, பிள்ளை கண்ணைக் கசக்குகிறாள். குசினிப் பக்கத்துக் கதவால் குணலட்சுமி வருகிறாள். வெள்ளைச் சீலை, கையில் மடித்த லேஞ்சி. மகளின் கண்ணைத் துடைக்கத்தான் வருகிறாள், வேறொன்றுக்குமில்லை. மணவறைப் பக்கம் ஒரு அடி வைக்கிறாள். அப்போது படத்தின் வலப்பக்கத்தால் ஒரு கை வருகிறது. ஆறு சோடிக் காப்பு. கோழி கலைக்கிற மாதிரி இரண்டு தரம் விசுக்குகிறது. பின்னால் குரல்: "குணம், பின்னாலை போ! சனம் பாக்குது." குணலட்சுமி நின்று, கமராவைப் பார்த்து, சிரிக்கிறாள். லேஞ்சியைச் சீலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு பின்னால் போகிறாள். அவ்வளவுதான். பதினொரு செக்கன்.

மூன்று மணித்தியால ரேப்பில் வேறெங்கும் குணலட்சுமி இல்லை. ரீச்சர் முழுவதையும் இரண்டு தரம் பார்த்தார். இல்லை. போகச் சொன்னால் போகிற பிறவி அவள். போனவள் போனவள்தான்.

அந்தக் காலத்தில் கனிசியஸ் வெட்டி ஒட்டிக் கொடுத்த கொப்பியில் இந்த இடத்தில் ஒரு ரோசாப்பூ விரிந்து படத்தை மூடும். அதுவும் ரீச்சர் சொல்லிச் செய்வித்ததுதான். "இந்த இடத்திலை ஒரு பூவைப் போடும் தம்பி, வடிவாயிருக்கும்" என்று சொன்னது அவருக்கு நல்ல ஞாபகம். கனிசியஸ் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பூவைப் போட்டான். தண்ணீரில் அழிந்தது அந்தப் பூக் கொப்பி. ரீச்சரின் அலுமாரியில் கிடந்தது பூப்போடாத மூலம்.

இப்போது என்ன செய்வது? வெட்டாமல் அனுப்பினால் தர்சிகா அந்தக் கையைப் பார்ப்பாள். அந்தக் காப்பு எந்தக் கையில் கிடந்தது என்று அவளுக்குத் தெரியாதா? சின்னனில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதானே கோயிலுக்குப் போனவள். வெட்டினாலோ கையோடு சேர்த்துத் தாயும் போய்விடுவாள். கை போகவேண்டும், தங்கை நிற்கவேண்டும். அதற்கு ஏற்ற மென்பொருள் எது? இதுதான் ரீச்சரின் ஐந்து கிழமைக் கணக்கு.

கணக்கு ரீச்சர் அல்லவா, கொப்பியில் கோடு கீறினார். நிரைக்கு ஒரு மென்பொருள். நிரலுக்குப் படம், சத்தம், வேகம் என்று ஒவ்வொன்று. கடைசி நிரலுக்கு மட்டும் தலைப்பு எழுதவில்லை. "உதென்னப்பா வெறுமனே விட்டிருக்கிறாய்?" என்று கேதீஸ்வரன் கேட்டபோது, "பிறகு எழுதலாம்" என்று கொப்பியை மூடிவிட்டார்.

முதலாவது, பெட்டியோடு இலவசமாய் வந்த சாமான். கோதாரி, சத்தம் படத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. கை விசுக்கி முடிந்து, கமரா ஐயரிடம் போன பிறகுதான் "குணம், பின்னாலை போ!" என்று குரல் வந்தது. ஐயர் பெண்பிள்ளைக் குரலில் கத்தினது போல இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த கேதீஸ்வரன் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டு போனவர் இடையில் நிறுத்தினார்.

"அது உன்ரை குரலெல்லோ, பத்மா?"

"ஓம். அதுக்கென்ன இப்ப?"

"நான் மணவறையிலை மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனான். எனக்கு இது தெரியாது." அவர் எழும்பி வாழைக்குத் தண்ணி கட்டப் போய்விட்டார். அதற்குப் பிறகு கொம்பியூட்டர் இருக்கிற அறைக்குள் அவர் வருவது குறைந்தது.

இரண்டாவது இலவசம், படமும் திறம், வெட்டவும் சுகம். ஆனால் வேலையை முடித்து வெளியே எடுத்தால், தன்னுடைய பெயரைக் குறுக்கே பெரிய இங்கிலிஸ் எழுத்தில் அடித்துவிடும். அந்த எழுத்து வந்து விழுந்தது நேரே குணலட்சுமியின் பொட்டில்லாத நெற்றியில். ரீச்சர் "ஐயோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அதை உடனே அழித்தார்.

மூன்றாவதில் கையை மட்டும் மங்கலாக்கலாம். ஆக்கினார். கள்ளனைப் பிடித்துப் பேப்பரில் போடுகிறபோது முகத்தை மறைப்பார்களே, அப்படியே இருந்தது. பார்க்கிறவன் முதலில் அந்த மங்கலைத்தான் பார்ப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த கதை. ரீச்சருக்குத் தன் கையைத் தானே பார்க்கக் கூசியது. காப்புகளை எப்போதோ கழற்றிவிட்டார், கை அதே கைதானே.

நாலாவது காசுக்கு வாங்குவது. லண்டனில் இருக்கிற மூத்த மகனுக்குச் சொல்ல, ஏன் எதற்கென்று கேளாமல் அவன் வாங்கிக் கொடுத்தான். அதில் படத்தைப் பெருப்பிக்கலாம், சத்தத்தைப் பிரித்தெடுக்கலாம். ரீச்சர் குணலட்சுமியின் பக்கத்தை மட்டும் பெருப்பித்தார். வலப்பக்கம் முழுவதும் வெளியே போய், கையும் போனது. தன் குரலைப் பிடுங்கி எறிந்தார். அதோடு நாதஸ்வரமும் போய்ப் படம் ஊமையானது. வேறு இடத்திலிருந்து பதினொரு செக்கன் நாதஸ்வரத்தை வெட்டிக்கொண்டு வந்து அந்த ஓட்டையில் ஒட்டினார். ஓடவிட்டுப் பார்த்தார். குணலட்சுமி வருகிறாள், நிற்கிறாள், சிரிக்கிறாள், போகிறாள். ஒரு தழும்பு இல்லை.

ரீச்சர் அன்றைக்குக் கடைசி நிரலில் ஒரு சரி போட்டார். போட்ட கையோடு ஒரு வெட்கமும் வந்தது. ஆனால் வேலை திறமாக வந்த சந்தோசம் அதை மூடிவிட்டது. அடுத்த நாள் டெக்கைத் திருப்பிக் கேட்டுக் கதைத்த மக்டலீன், "எங்கடை மனுசன்ரை ரேப்பும் ஒண்டு கிடக்கு ரீச்சர். எந்தச் சாமான் நல்லது?" என்று கேட்டபோது, "நாலாவதாய்ப் பாத்தது தான் திறம். வெட்டினது கடவுளுக்கும் தெரியாது" என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னார்.

படத்தைத் தர்சிகாவுக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலமை அவள் போன் எடுத்தாள். அழுதுகொண்டு கதைத்தாள்.

"பெரியம்மா, அம்மாவைக் கண்டிட்டன். அவ நடக்கிற நடை எனக்கு மறந்தே போச்சு தெரியுமோ? எத்தினை தரம் பாத்தனெண்டு எனக்கே தெரியாது."

ரீச்சருக்கும் கண் கலங்கியது. "அழாதை பிள்ளை."

"இன்னொண்டு பெரியம்மா. பிரசாந்தி என்னோடை சண்டை. நீ தான் தாரை வார்க்கவேணும், நீ நிக்காட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம் எண்டு நிக்கிறாள். எனக்கும் உள்ளுக்கை ஆசை தான், ஏன் பொய் சொல்லுவான்? ஆனால் இந்தப் படத்தைப் பாத்தாப் பிறகு தெளிஞ்சிட்டன். அம்மா ஆரும் சொல்லாமல் தானாய் விலகிறா. சிரிச்சுக்கொண்டு விலகிறா. பிள்ளையின்ரை நல்லதுக்கெண்டு ஒரு மனவருத்தமும் இல்லாமல் போறா. அவவாலை ஏலுமெண்டால் என்னாலை ஏலாதோ? பிரசாந்திக்கும் படத்தைக் காட்டினன், அம்மம்மாவைப் பார் எண்டு. வாயடைச்சுப் போனாள். நீங்களும் பெரியப்பாவும் எனக்கு வார்த்த மாதிரி அவளுக்கும் வாருங்கோ. நான் பின்னாலை நிக்கிறன்."

"பிறகு கதைக்கிறன் பிள்ளை, அடுப்பிலை பால்" என்று சொல்லி ரீச்சர் போனை வைத்துவிட்டார். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

கொம்பியூட்டருக்கு முன்னால் வந்து இருந்து, தான் செய்த படத்தை மறுபடி ஓடவிட்டார். தர்சிகா சொன்னது சரி. கை இல்லாத இடத்தில் அந்தப் பதினொரு செக்கனைப் பார்க்கிற யாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். அவமானப்பட்டுச் சிரித்த சிரிப்பை ரீச்சர் சந்தோசச் சிரிப்பாக மாற்றி வைத்திருக்கிறார். தங்கையைக் கலைத்தது ஒரு பாவம். அவளே விரும்பிப் போனாள் என்று அவளின் முகத்தைக் கொண்டே பொய் சொல்லவைத்தது எத்தனை பாவம்? இப்போது அந்தப் பொய்யைப் பார்த்து இன்னொருத்தி பின்னால் போகப் போகிறாள்.

சனம் பாக்குது என்று அன்றைக்குச் சொன்னாரே, எந்தச் சனம் பார்த்தது? மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். ரேப்பில் வடிவாகத் தெரிகிறது. ஒருத்தரும் பார்க்கவில்லை. ரீச்சருக்கு இரண்டும் பெடியன்கள். தாரை வார்க்க ஒரு பெட்டை இல்லையே என்ற ஏக்கம் அவருக்கு எப்போதும் இருந்தது. அன்றைக்கு மணவறையில் அந்த இடம் கிடைத்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது. உரித்துக்காரி லேஞ்சியோடு கிட்ட வந்ததும் பொறுக்கவில்லை. உண்மை அதுதான். இருபத்தாறு வருடம் சாத்திரத்தின் தலையிலும் ஊரின் தலையிலும் அதைக் கட்டிவிட்டுத் திரிந்திருக்கிறார். இதை நினைத்தபோது அறைக்குள் யாரும் இல்லை, ஆனாலும் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

கேதீஸ்வரன் வாசலில் வந்து நின்றார். தர்சிகா சொன்னதை ரீச்சர் அவருக்குச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "அப்ப மற்றதை அனுப்பன்" என்றார்.

"அனுப்பினால் என்ரை முகத்திலை அவள் இனி முழிப்பாளோ?"

"முழிக்காட்டியும் என்ன செய்யிறது, பத்மா?"

வெட்டாத துண்டு 'பழசு' என்று பெயர் போட்ட இடத்தில் கிடந்தது. ஐந்து கிழமையாய்க் கொப்பி போட்டு ஆராய்ந்த மென்பொருள் ஒன்றுமே அதற்குத் தேவைப்படவில்லை. அப்படியே எடுத்து அனுப்பினார். கீழே குரலில் பதிந்தார். மூன்று தரம் தொடங்கி மூன்று தரம் அழித்து, நாலாம் தரம் சொன்னார்: "பிள்ளை, கொம்மா தானாய்ப் போகேல்லை. நான் தான் கலைச்சனான். உதிலை வாற கை என்ரை. நான் தான் அதை வெட்டிப்போட்டு உனக்கு அனுப்பினனான். நீ பின்னாலை நிக்கவேண்டாம்."

தர்சிகா கேட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளமாய்ப் போனில் இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை. திங்கட்கிழமை முழுவதும் இல்லை. யாரோ பாஸ்போட் விண்ணப்பத்தோடு கேற்றடியில் வந்து நின்றார்கள். ரீச்சர் அதட்டாமல் நிரப்பிக் கொடுத்தார். வந்தவர் "ரீச்சருக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலமை தர்சிகா எடுத்தாள். அழுது முடித்த குரல்.

"அந்த லேஞ்சி எனக்குத்தானே கொண்டு வந்தவ, பெரியம்மா?"

"ஓம் பிள்ளை. உன்ரை கண்ணிலை புகை."

பிறகு, "தாரை நான் தான் வார்க்கப்போறன். ஆர் என்ன சொன்னாலும்" என்றாள்.

"வாரு பிள்ளை. ஐயர் ஏதும் சொன்னால் நான் கதைக்கிறன்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால், ரீச்சர் தலையைக் குனிந்து வாங்கியிருப்பார். அதற்கென்றே இரண்டு நாளாய்த் தன்னைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தார். தர்சிகா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பெரியம்மா, தாலி கட்டேக்கை அம்மா எங்கை நிண்டவ? எங்கையாவது மறைஞ்சு நிண்டெண்டாலும் பாத்தவவோ?"

யன்னலால் பார்த்தாள் என்று சொல்லலாம். குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு, கண் நிறையப் பார்த்தாள் என்று சொல்லலாம். பிள்ளையின் மனம் ஆறும். சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ரீச்சர் அதை விழுங்கினார்.

"தெரியாது பிள்ளை," என்றார். "நான் திரும்பிப் பாக்கேல்லை."